இடது பக்கத்து ஸ்பீக்கர்

ராஜமாணிக்கம் அந்த ஸ்பீக்கர் ஜோடியைத் தூக்கிக்கொண்டு பிரகாஷ் கடைக்குப் போவது இது இரண்டாவது தடவை. பங்குனி வெயில் மண்டையைப் பிளந்தது. விடிகாலை நாலே முக்காலுக்குப் பஸ்ஸை எடுத்து, திருவண்ணாமலைக்கும் கீழ்பென்னாத்தூருக்குமாக நடை அடித்து ஓய்ந்து, மதியம் இரண்டு மணிக்கு டிரைவர் சீட்டை விட்டு இறங்கிய மனிதர் வீட்டுக்குப் போய்க் கட்டையைச் சாய்த்திருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, பழைய துண்டில் சுற்றிய இரண்டு பெட்டிகளையும் கைக்கொரு கட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஆட்டோவுக்கும் மாட்டுக்கும் ஒதுங்கி ஒதுங்கித் தேரடித் தெருவில் வந்துகொண்டிருந்தார்.

பிரகாஷ் கடை ஒரு சந்துக்குள் இருந்தது. அகலம் ஆறடிதான், நீளம்தான் உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஒரு சுவரோரம் நீள பெஞ்சு. கடைசியில் ஒரு மேசை. அதன்மேல் எந்நேரமும் ஏதாவது ஒரு ஜோடி ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருக்கும். பெஞ்சில் உட்கார்ந்தால் அந்த மேசை வலது கைப்பக்கம் வரும்.

"இன்னாண்ணா, மறுபடியும் தூக்கினு வந்துட்டீங்க?" என்றான் பிரகாஷ், கையிலிருந்த சால்டரிங் கட்டையைக் கீழே வைக்காமலே.

"இடது பக்கம் வேலை செய்யலப்பா. தொம்மு தொம்முனு தவில் வருது. ஜால்ரா மட்டும் எங்கயோ பக்கத்து ஊட்ல தட்டுற மாதிரி இருக்குது."

"போன வாரமும் இதான் சொன்னீங்க. இங்க போட்டுப் பாத்தோம், கணீர்னு கேட்டுச்சே."

"இங்க கேக்குது. ஊட்டுக்குப் போனா கேக்க மாட்டேங்குது. நான் இன்னா பொய்யா சொல்றேன்?"

ராஜமாணிக்கம் பொய் சொல்கிற ஆள் இல்லை. கோபம்தான் கொஞ்சம் ஜாஸ்தி. ஐம்பத்திரண்டு வயதில் அவருக்கு எல்லாமே அலுத்துவிட்டிருந்தது. இருபத்தாறு வருஷமாகத் தனியார் பஸ் ஓட்டுகிறார். இடது தொடைக்கு ஒரு சாண் தள்ளி இன்ஜின் பெட்டி. அது ஓயாமல் உறுமும். அதன்மேல் மகளிர் குழுப் பெண்கள் மூன்று பேர் உட்கார்ந்துகொண்டு உறுமலுக்கு மேலே கத்திப் பேசுவார்கள். பௌர்ணமி வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம், கிரிவலக் கூட்டத்துக்கு இரண்டு நாள் தூக்கமில்லாமல் ஓட்ட வேண்டும். கண்ணுக்கு இமை இருக்கிற மாதிரி காதுக்கு ஒன்று இல்லாமல் போயிற்றே என்று தனத்திடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். தனம் அவருடைய மனைவி. அவளும் "ஆமாங்க" என்றுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

இந்த ஸ்பீக்கர் ஆசை மாசி மாதத்தில் வந்தது. மிக்சி ரிப்பேருக்குப் பிரகாஷ் கடைக்குப் போனவர், அவன் மோட்டாரைக் கழற்றுகிற வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் ஏதோ ஒரு கோயில் திருவிழாவில் பதிவுசெய்த நாயனக் கச்சேரி ஓடிக்கொண்டிருந்தது. நாயனக்காரர் நிதானமாக ஊதினார். அவசரமே இல்லை. யாரும் ஹாரன் அடிக்கவில்லை, யாரும் சில்லறை கேட்டுச் சண்டை போடவில்லை. ராஜமாணிக்கம் உட்கார்ந்தபடியே முக்கால் மணி நேரம் தூங்கிவிட்டார். எழுந்தபோது உடம்பில் ஏதோ ஒரு முடிச்சு அவிழ்ந்த மாதிரி இருந்தது. மிக்சியை மறந்துவிட்டு, "இந்த மாதிரி சத்தம் எங்க ஊட்ல கேக்கணும்னா இன்னா பண்ணணும்?" என்றார்.

"ரூம் எவ்ளோ பெருசுண்ணா?"

"பத்துக்குப் பதினொண்ணு இருக்கும்."

"எந்தச் செவுத்தாண்ட வைக்கப் போறீங்க?"

பார்த்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். பதினோரு வருஷம் குடியிருந்த வீட்டுக் கூடத்தின் சுவர்களை அன்று சாயங்காலம்தான் முதல் தடவையாக நின்று பார்த்தார். கிழக்குச் சுவர் சாமிக்குப் போய்விட்டது. அதில் பதித்த அலமாரி, விளக்கு, தனம் உட்காரும் பலகை. அங்கே பெட்டியை நிறுத்தினால் தான் எங்கே உட்கார்ந்து விளக்கேற்றுவது என்று அவள் கேட்டது நியாயம்தான். தெற்குச் சுவரில் இரண்டு இரும்பு பீரோ. வடக்கில் வாசற்கதவும் சமையலறை வழியும், நடுவில் ஃப்ரிட்ஜ். மேற்கில் ஜன்னல், அதன் கீழே மகள் கவிநிலாவின் படிப்பு மேசை. சுவரில் பலகை அடித்து மாட்டலாம் என்றால் வீட்டுச் சொந்தக்காரி மணியம்மாள் உயிரே போனாலும் ஆணி அடிக்க விடமாட்டாள். அந்த வீட்டில் காலண்டரே ஜன்னல் கம்பியில்தான் தொங்கியது.

முதலில் அவர் ஆசைப்பட்டது இடுப்பு உயர ஜோடி ஒன்றுக்கு. "அத்த உள்ள வெச்சீங்கன்னா நீங்க வெளிய படிக்கட்டுலதான் உக்காரணும்ணா" என்று பிரகாஷ் மறுத்துவிட்டான். அடுத்து ஒரு சின்ன ஜோடியைப் பரீட்சைக்குக் கொடுத்தனுப்பினான். பீரோமேல் ஏற்றிப் போட்டதுதான் தாமதம், நாயனத்தோடு பீரோவின் தகரமும் சேர்ந்து பாடியது, உள்ளிருந்த பாத்திரங்கள் தாளம் போட்டன, கீழ்வீட்டிலிருந்து மணியம்மாள் ஒட்டடைக் கம்பால் தளத்தை இடித்தாள்.

"அந்தப் பெட்டிக்குக் காத்து போற ஓட்டை பின்னாடி இருக்குது. செவுத்தை ஒட்டி வெச்சா அடிச்சத்தம் எல்லாம் முட்டிக்கினு உறுமும். ஒரு அடி தள்ளி வைக்கணும்ணா" என்றான் பிரகாஷ்.

"ஒரு அடி தள்ளுனா பீரோ மேலருந்து கீழ வுழுந்துடும். உறுமுறத்துக்குத்தான் எனக்கு பஸ் இருக்குதே, ஊட்லயும் எதுக்கு?"

பங்குனி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும் ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த வெள்ளைக்காரர்கள் ஊருக்குக் கிளம்புவார்கள். சைக்கிள், மெத்தை, குக்கர் எல்லாவற்றையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் போவார்கள். பிரகாஷ் வருஷா வருஷம் அந்த நேரத்தில் செங்கம் ரோட்டில் ஒரு சுற்று சுற்றி வருவான். இந்தத் தடவை அவனுக்கு இந்த ஜோடி கிடைத்தது. ஓரடி உயரம், அரையடி அகலம், பார்க்கச் சாதாரண மரப்பெட்டி. ஆனால் ஓட்டை முன்பக்கம். சுவரை ஒட்டி வைத்தாலும் உறுமாது. கூடவே கையடக்கமாக ஒரு ஆம்ப்ளிஃபயர்.

கவிநிலா கல்லூரியில் இரண்டாம் வருஷம். அவள் தன் மேசையை ஸ்கேல் வைத்து அளந்து, இரண்டு ஓரத்திலும் அரையடி இடம் விட்டுக்கொடுத்தாள். பரீட்சை சமயத்தில் பாட்டுப் போடக்கூடாது என்பது நிபந்தனை. பிரகாஷ் சொன்னபடி பழைய சைக்கிள் டியூபை வெட்டி அடியில் கொடுத்து, சத்தம் நெஞ்சுக்கு வராமல் காதுக்கு வருகிற மாதிரி பெட்டிகளை லேசாக நிமிர்த்தி வைத்தாள். ஒரு பெட்டிக்கும் இன்னொன்றுக்கும் மூன்றரை அடி, அதனால் ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் நாற்காலிக்கு அதே மூன்றரை அடி இருக்க வேண்டுமாம். நாற்காலியின் நான்கு கால்களுக்கும் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டாள்.

"இன்னாடி இது, நடு ஊட்ல புள்ளி கோலம்?" என்றாள் தனம்.

"நீ பெருக்குறப்ப அழிச்சிடாதம்மா. அப்பாவோட சீட்டு அது."

அந்தச் சீட்டில் ராஜமாணிக்கம் குளித்து முடித்து, ஒரு டம்ளர் மோரோடு, மாப்பிள்ளை மாதிரி போய் உட்கார்ந்தார். நாயனம் வந்தது. கடையில் கேட்ட அதே நாயனம்தான். ஆனால் எல்லாம் வலது பக்கமே குவிந்து கிடந்தது. இடது பக்கம் வர வேண்டிய ஜால்ரா மங்கிப் போயிருந்தது. அந்த ஏமாற்றத்தை அவரால் தாங்க முடியவில்லை. ஒரு மாதம் அலைந்து, நாலு சுவரோடும் சண்டை போட்டு, கடைசியில் ஒரே ஒரு சந்தோஷம் வாங்கிவந்தால் அதிலும் பாதி செத்துக் கிடக்கிறதே என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

ஏமாற்றம் அவருக்கு அந்த மாதம் அதிகமாகவே வந்துகொண்டிருந்தது. ஸ்பீக்கர் வாங்குவதற்கு நாலு நாள் முன்னால் கீழ்பென்னாத்தூர் ஸ்டாப்பிங்கில் ஒரு தகராறு. பஸ்ஸை இடது பக்கம் ஒடித்து ஓரம் கட்டுகிறார், திடீரென்று கண்டக்டர் சடையன் பக்கவாட்டுத் தகரத்தைப் பட்பட்டென்று அறைகிறான். பிரேக்கை மிதித்து எட்டிப் பார்த்தால், படிக்கட்டுக்கும் கால்வாய்க்கும் நடுவில் ஒரு ஸ்கூட்டர் சாய்ந்து கிடக்கிறது. ஓட்டிவந்தவன் ஸ்டாப்பிங்கில் உரக்கடை வைத்திருக்கும் பாலாஜி. முன்னால் நின்றுகொண்டு வந்த அவன் மகளுக்கு முழங்காலில் தோல் வழண்டு ரத்தம். ஆறு வயதுப் பெண். இன்னும் ஒரு சாண் பஸ் நகர்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்ததுமே ராஜமாணிக்கத்துக்குப் பயம் வந்தது. பயம் கோபமாக மாறிற்று. இறங்கிப் போய், "ஹாரன் அடிக்க மாட்டியாடா? கையில இன்னா புண்ணா?" என்று கேட்டு, அத்தனை பேர் முன்னால், அந்தக் குழந்தை பார்க்க, அவன் கன்னத்தில் ஒரு அறை விட்டார்.

பாலாஜி திருப்பி அடிக்கவில்லை. மேற்கே தெரிந்த மலையைப் பார்த்துக் கையை நீட்டினான். "அண்ணாமலையார் சத்தியமா அடிச்சேன். ரெண்டு வாட்டி அடிச்சேன்" என்றான். இந்த ஜில்லாவில் மலையைக் காட்டிச் சத்தியம் செய்தவனை யாரும் மேற்கொண்டு கேள்வி கேட்பதில்லை. ராஜமாணிக்கம் கேட்டார். "மலையைக் காட்டிப் புளுகுறியா?" என்றார். சடையன்தான் அவரை இழுத்துக்கொண்டு போய் சீட்டில் உட்கார வைத்தான்.

மறுநாள் முதலாளி கூப்பிட்டு, இன்னொரு தடவை இப்படி நடந்தால் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று சொல்லிவிட்டார். ஐம்பத்திரண்டு வயதுக்காரனுக்கு வேறு யாரும் ஸ்டியரிங் தரமாட்டார்கள். கவிநிலாவுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி. ராஜமாணிக்கத்துக்குத் தெரிந்த வேலை இது ஒன்றுதான். அன்றிலிருந்து இடது பக்கக் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்தே அவருக்குக் கழுத்து வலித்தது.

பிரகாஷ் இந்தத் தடவையும் பெட்டிகளை மேசைமேல் வைத்து நாயனத்தைப் போட்டான். ராஜமாணிக்கம் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார். ஜால்ரா கிணிங் கிணிங் என்று தெளிவாக வந்து விழுந்தது. பிரகாஷ் ஒவ்வொரு பெட்டியாக மாற்றிப் போட்டான். இரண்டும் சொல்லிவைத்த மாதிரி பேசின.

"ஊட்ல பெட்டியை இடம் மாத்தி வெச்சிப் பாத்தீங்களா?"

"என் பொண்ணு மாத்தி வெச்சா. அப்பவும் இடது பக்கம்தான் மங்குது."

"அப்ப வயரா இருக்கும்" என்று புது வயர் வெட்டிக் கொடுத்தான். அதையும் மாட்டியாயிற்று. பலனில்லை. கவிநிலா நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "ரெண்டும் நல்லாதானப்பா கேக்குது" என்றாள். "எந்நேரமும் காதுல எதுனா சொருவிக்கினு திரியிற, உனக்கு இன்னா தெரியும்?" என்று அவள்மேல் எரிந்து விழுந்தார். அவள் எழுந்து போனாள். அப்புறம் அவருக்கே மனசு கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பிரகாஷின் கடைக்கு விடுமுறை. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவனே மீட்டரும் ஸ்க்ரூ டிரைவருமாக வீட்டுக்கு வந்துவிட்டான். தனம் காபி போட்டுக் கொடுத்தாள். அவன் கூடத்தைச் சுற்றிப் பார்த்து, சாக்பீஸ் வட்டங்களைக் கண்டு சிரித்து, "பாப்பா கரெக்டா அளந்திருக்குது" என்றான். நாற்காலியில் உட்கார்ந்து கேட்டான். ஐந்து நிமிஷம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான்.

"எப்டிப்பா? மங்குதில்ல?" என்றார் ராஜமாணிக்கம்.

பிரகாஷ் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தான். அவர் நாற்காலிக்குப் பின்னால், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, வலது காதை ஸ்பீக்கருக்குக் கொடுத்து நின்றுகொண்டிருந்தார். கடையிலும் அவர் இப்படித்தான் கேட்டார். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் வேறு மாதிரி கேட்கவும் முடியாது. பிரகாஷ் காபி டம்ளரைக் கீழே வைத்தான்.

"அண்ணா, நீங்க வந்து உக்காருங்க" என்று எழுந்தான். அவர் உட்கார்ந்ததும், "எங்க மங்குது?" என்றான்.

"தோ, இங்க. இடது பக்கம். பீரோவாண்ட."

"சரி. எழுந்துக்கங்க." நாற்காலியை அப்படியே திருப்பி, அதே வட்டங்களில், முதுகு மேசையைப் பார்க்கும்படி போட்டான். "இப்ப உக்காருங்க. சாமியைப் பாத்து."

ராஜமாணிக்கம் எதிரே இருந்த சாமி அலமாரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார். பிரகாஷ் பாட்டை முதலிலிருந்து போட்டான். ஜால்ரா வந்தது. கிணிங் கிணிங் என்று, துல்லியமாக, வலது காதுக்குப் பக்கத்தில். இத்தனை நாள் செத்துக் கிடந்த பெட்டிதான் அப்படிப் பேசியது. நாயனம் இப்போது மங்கிவிட்டது. அது இடது பக்கத்துக்குப் போயிருந்தது.

அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பிரகாஷ் பின்னாலிருந்து தயங்கித் தயங்கி, "வலது காதைக் கையால பொத்திக்கங்கண்ணா" என்றான். பொத்திக்கொண்டார். தவில் மட்டும், தண்ணீருக்கு அடியில் யாரோ தட்டுகிற மாதிரி, தொம்மு தொம்மென்று வந்தது. நாயனம் இல்லை. ஜால்ரா இல்லை. பிரகாஷின் உதடு அசைவதைத் திரும்பிப் பார்த்தார், அவன் என்ன சொன்னான் என்று தெரியவில்லை. கையை எடுத்தார்.

"பொட்டி நல்லாதான் இருக்குதுண்ணா" என்று பிரகாஷ் திரும்பவும் சொன்னான். "காது டாக்டரைப் பாத்தா எதுனா பண்ணுவாங்க. நான் யாராண்டயும் சொல்ல மாட்டேன்." காபியைப் பாதியில் விட்டுவிட்டு, மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு, ஏதோ தப்புச் செய்தவன் போலப் படியிறங்கிப் போய்விட்டான்.

ராஜமாணிக்கம் சாமியைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். அவருக்குக் காதைப் பற்றிய கவலை இன்னும் வரவில்லை. வேறொன்று வந்தது. மலையைப் பார்த்து நீட்டிய ஒரு கை. அவர் செல்லை எடுத்துச் சடையனுக்குப் போட்டார். போனை வலது காதில் வைத்தார். எப்போதிலிருந்து வலது காதிலேயே வைக்கிறோம் என்று யோசித்துப் பார்த்தார். ஞாபகம் இல்லை.

"சடையா, ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. அன்னைக்கு அந்த உரக்கடைக்காரன் ஹாரன் அடிச்சானா?"

லைன் போய்விட்டதோ என்று செல்லைப் பார்த்தார்.

"அடிச்சாண்ணா" என்றான் சடையன். "ரெண்டு வாட்டி. பஸ்ல எல்லாருக்கும்தான் கேட்டுச்சு."

"ஏன்டா சொல்லல?"

"இன்னான்னு சொல்றது? சொன்னா உங்க வண்டி போயிடும். ஒரு வருசமா நான் விசில் ஊதுறதே இல்ல, தகரத்தைத்தான் தட்டுறேன், கவனிச்சீங்களா? நான் பாத்துக்கிறேன்ணா. நாலஞ்சு வருசம் இப்படியே ஓட்டிடலாம். நாளைக்கு வழக்கம்போல வந்துடுங்க."

நல்ல பிள்ளை சடையன். அன்பால்தான் செய்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் குழந்தையின் முழங்கால் ரத்தம் அவர் கண்ணுக்குள்ளேயே நின்றது. தகரத்தைத் தட்டுகிற கை அன்று ஒரு நொடி சில்லறை எண்ணிக்கொண்டிருந்தால்? ராஜமாணிக்கம் செல்லை வைத்தார்.

தனம் சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

"உனக்கும் தெரியுமா?" என்றார்.

"ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஃபேன் காத்து வரலன்னு சொல்லி, பாயை உங்க வலது பக்கம் போட்டுக்கினேனே, எதுக்குன்னு நினைச்சீங்க?" அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இடது பக்கம் படுத்துக்கினு எது பேசுனாலும் நீங்க பதிலே சொல்ல மாட்டீங்க. மொதல்ல என் மேல கோவம்னு நினைச்சேன். அப்புறம்தான் புரிஞ்சுது. டாக்டராண்ட போலாம்னு சொல்ல வாய் வரும். போனா வண்டி ஓட்டக் கூடாதுன்னு எழுதிக் குடுத்துடுவாங்களேன்னு பயம். கவிநிலா படிச்சு முடிக்கட்டும்னு இருந்துட்டேன்."

அவர் அவளைத் திட்டவில்லை. திட்டுவதற்கும் தெம்பு வேண்டுமே. அந்த நிமிஷம் அவருக்கு இருபத்தாறு வருஷக் களைப்பும் ஒன்றாக வந்து தோளில் உட்கார்ந்தது. "நாளைக்கு வண்டி எடுக்கப் போறதில்ல, தனம்" என்றார். அவள் பக்கத்தில் வந்து, நாற்காலியின் வலது பக்கமாக, தரையில் உட்கார்ந்தாள்.

முதலாளிக்கு அவரே போன் செய்தார். விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார். முதலாளி, "சரி ராஜமாணிக்கம், நீயே சொன்னியே, அதுவரைக்கும் நல்லது. சாவியை ஆபீஸ்ல குடுத்துடு. வேற எதுனா இருந்தா கூப்பிடறேன்" என்றார். கூப்பிடமாட்டார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

கவிநிலா கல்லூரியிலிருந்து வந்ததும் விஷயத்தைக் கேட்டு அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்கேலை எடுத்தாள். "ரெண்டையும் வலது பக்கமா தள்ளி வெச்சிடலாம்பா, உங்களுக்கு நல்லா கேக்கும்" என்றாள்.

"வேணாம்மா. இருக்கிற எடத்துலயே இருக்கட்டும். உங்க அம்மாவுக்கு ரெண்டு காதும் இருக்குதே, அவ உக்காந்து கேக்கட்டும்" என்றார். தனம் கூச்சப்பட்டுக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். ஜால்ரா எப்படிக் கேட்கிறது என்று அவர் கேட்டார். "நல்லா கேக்குதுங்க" என்றாள். எந்தப் பக்கம் என்றார். அவள் பீரோ பக்கத்துப் பெட்டியைக் கையால் காட்டினாள்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஆபீஸில் சாவியைக் கொடுத்துவிட்டு, தான் ஓட்டிய அதே பஸ்ஸில் டிக்கெட் எடுத்துக்கொண்டு ஏறினார். புது டிரைவர் சின்ன வயசுக்காரன். சடையன் டிக்கெட்டுக்குக் கை நீட்டாமல் நின்றான். அவர் வற்புறுத்திக் கொடுத்தார். வழியெல்லாம் சடையன் வாயில் விசிலை வைத்து ஊதிக்கொண்டே வந்தான். வேர்க்கடலை அறுவடை முடிந்த கொல்லைகள் காய்ந்து கிடந்தன. கீழ்பென்னாத்தூரில் இறங்கி உரக்கடைக்கு நடந்தார்.

கடை வாசலில் அந்த ஸ்கூட்டர் நின்றிருந்தது. பள்ளிக்கூடம் போகவில்லையோ என்னவோ, அந்தப் பெண் அதன்மேல் ஏறி நின்று, வண்டி ஓட்டுவதாக விளையாடிக்கொண்டிருந்தது. முழங்காலில் காய்ந்த தழும்பு தெரிந்தது. பாலாஜி மூட்டைகளுக்கு நடுவில் நின்று இவரைப் பார்த்தான். முகம் இறுகியது.

"இன்னா டிரைவரே, இன்னொரு கன்னம் பாக்கி இருக்குதுன்னு வந்தீங்களா?"

ராஜமாணிக்கம் வாசலிலேயே நின்றார். "நீ ஹாரன் அடிச்சப்பா" என்றார். "நான்தான் தப்பு. மலையைக் காட்டிச் சத்தியம் பண்ண, நான் நம்பல. மன்னிச்சிடு."

பாலாஜி நம்பாத முகத்தோடு பார்த்தான். "இப்ப மட்டும் எப்படித் தெரிஞ்சிதாம்? அடிச்ச எல்லாரும் ஒரு மாசம் கழிச்சி வந்து மன்னிப்புக் கேட்டா சரியாப் போயிடுமா? என் பொண்ணு எதிர்ல அடிச்சீங்க. அதுலருந்து அது பஸ்ஸைப் பாத்தாலே என் காலைக் கட்டிக்குது."

அவன் கேட்டதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ராஜமாணிக்கம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். காதைப் பற்றிச் சொல்ல நினைத்தார். அதைச் சொன்னால் அனுதாபத்துக்குக் கையேந்துவது மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டார்.

அப்போது அவருக்கு இடது பக்கம், நாலடி தூரத்தில், ஸ்கூட்டர்மேல் நின்றிருந்த குழந்தை விளையாட்டாக ஹாரனை அழுத்தியது. கடைக்குள் இருந்தவர்கள் எல்லாரும் ஸ்கூட்டரைப் பார்த்தார்கள். ராஜமாணிக்கம் திடுக்கிட்டு வலது பக்கம் திரும்பினார். அங்கே வெறும் ரோடுதான் இருந்தது. எந்த வண்டியும் வரவில்லை. அவர் இன்னும் தள்ளிப் பார்த்தார், கழுத்தை நீட்டித் தேடினார்.

பாலாஜி மூட்டையை விட்டுவிட்டு வெளியே வந்தான். அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தின் இறுக்கம் மெல்லத் தளர்ந்தது. மகளைப் பார்த்து, இன்னொரு தடவை அடி என்று கையால் சைகை காட்டினான். அவள் அடித்தாள். அவர் மறுபடியும் ரோட்டைத்தான் பார்த்தார்.

குழந்தை சிரித்துவிட்டது. ஸ்கூட்டரிலிருந்து குதித்து இறங்கி வந்து, அவருடைய இடது கையின் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்தது.

"அங்க இல்ல மாமா," என்றது. "இங்க."